தட்டினால் பேசும் கல்

விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் யாரோ புது வீடு கட்டுகிறார்கள். காலையில் ஒரு லாரி வந்து செங்கல் இறக்குகிறது. கொத்தனார் வருகிறார். குவியலிலிருந்து இரண்டு கற்களை எடுக்கிறார். கைக்கு ஒன்றாகப் பிடித்து, ஒன்றோடு ஒன்றைத் தட்டுகிறார்.

‘டிங்!’

மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். தலையை ஆட்டிவிட்டு வேறு இரண்டு கற்களை எடுக்கிறார்.

‘டொக்.’

அவர் முகம் மாறுகிறது. லாரிக்காரரைக் கூப்பிடுகிறார்.

“என்னண்ணே, வேகாத கல்லையும் கலந்து கொண்டாந்துட்டீங்க? இதை வெச்சு நான் சுவர் எழுப்பினா, நாலு மழைக்குத் தாங்குமா?”

“பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு மேஸ்திரி?”

“பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டிப் பாருங்க, அது பேசும்.”

சுவர் கட்டுபவரைத் தமிழ்நாட்டில் கொத்தனார் என்றும் மேஸ்திரி என்றும் சொல்வார்கள். இலங்கையில் மேசன் என்பார்கள். எந்த ஊர் ஆளாக இருந்தாலும் இந்தத் தட்டல் அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கற்களும் மண்ணால் செய்தவை. இரண்டையும் அச்சில் போட்டு எடுத்து, நெருப்பில் சுட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க ஒன்று ‘டிங்’ என்கிறது, இன்னொன்று ‘டொக்’ என்கிறது. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள முதலில் மண்ணுக்குள் போக வேண்டும்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

மண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல பொருள்கள் கலந்து கிடக்கின்றன. இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போடுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்குங்கள். பிறகு மேசைமேல் வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குமேல், கொஞ்ச நேரம் கழித்து, மாவு போன்ற வண்டல் படியும். அதன் பிறகும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். அடுத்த நாள் பார்த்தால்கூடச் சில நேரம் தெளிந்திருக்காது. அந்தக் கலங்கல்தான் களி. களியின் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சிறியது. அதனால்தான் அது கீழே இறங்க அவ்வளவு நேரம் எடுக்கிறது.

மணலும் களியும் அளவில் மட்டும் வேறுபடவில்லை. அவை வேறு வேறு கனிமங்கள். மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ். அது சிலிக்கா என்ற பொருளால் ஆனது. கடினமானது; தண்ணீரில் ஊறாது, சுருங்காது. களியில் இருப்பவை களிமக் கனிமங்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கயோலினைட். சிலிக்காவும் அலுமினாவும் தண்ணீரும் சேர்ந்து ஆனது அது. தண்ணீர் என்றால் ஈரம் இல்லை. வெயிலில் எவ்வளவு காயவைத்தாலும் போகாத, கனிமத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும் தண்ணீர். 100 கிராம் கயோலினைட்டில் ஏறக்குறைய 14 கிராம் அப்படி ஒளிந்திருக்கிறது! இந்தத் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். சூளைக்குப் போகும்போது அது மறுபடியும் வரும்.

களித் துகள்கள் சீட்டுக்கட்டுப் போல மெல்லிய தகடுகளாக இருக்கும். தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் ஈரக் களிமண்ணை நாம் விரும்பிய வடிவத்துக்குக் கொண்டுவர முடிகிறது. உலர்ந்தால் தண்ணீர் போய், தகடுகள் நெருங்கி வரும். மண் சுருங்கும். ஒரே சீராகச் சுருங்காவிட்டால் வெடிப்பு விழும்.

தமிழ்நாட்டில் கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண் இருக்கிறது. கறுப்பு நிற மண். பருத்திக்கு அருமையான மண். ஆனால் அதில் இருக்கும் களிக்குத் தண்ணீரைக் கண்டால் அடங்காத ஆசை. மழையில் உப்பும், கோடையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணை மட்டும் வைத்துச் செங்கல் அறுத்தால் காயும்போதே கல் பிளந்துவிடும். மணலோ சாம்பலோ கலந்து அதன் ஆசையை அடக்க வேண்டும்.

அதற்காக மணலை அள்ளிக் கொட்டிவிடவும் முடியாது. மணல் கூடினால் கல் பிடிப்பில்லாமல் உதிரும். களி கூடினால் வெடிக்கும். நல்ல செங்கல் மண்ணில் சிலிக்கா 50 முதல் 60 விழுக்காடு, அலுமினா 20 முதல் 30 விழுக்காடு, இரும்பு ஆக்சைடு 5 அல்லது 6 விழுக்காடு, சுண்ணாம்பு 5 விழுக்காட்டுக்குக் குறைவு என்று பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். செங்கல் அறுப்பவர்களிடம் இந்தக் கணக்கு இருக்காது. அவர்கள் ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை பிளக்கிறதா, கையில் ஒட்டுகிறதா, நீட்டினால் அறுந்துபோகிறதா என்று பார்ப்பார்கள். “இதுக்கு இன்னும் ரெண்டு கூடை மணல் போடு” என்பார்கள். ஆய்வகம் சொல்லும் பதிலைத்தான் அந்தக் கையும் சொல்கிறது, வேறு மொழியில்.

களத்தில் ஒரு நாள்

செங்கல் ‘செய்வது’ என்று பொதுவாக யாரும் சொல்ல மாட்டார்கள். ‘கல் அறுப்பது’ என்பார்கள். கல் அறுக்கும் வெட்டவெளிக்குக் களம் என்று பெயர்.

முதல் நாள் மண்ணில் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். தண்ணீர் எல்லாத் தகடுகளுக்குள்ளும் புக நேரம் வேண்டும் அல்லவா? மறுநாள் அதைக் காலால் மிதித்து, மண்வெட்டியால் புரட்டி, மறுபடியும் மிதிப்பார்கள். சின்னக் கல், வேர், கட்டி எல்லாவற்றையும் பொறுக்கி எறிவார்கள். சரியாக மிதிக்காத மண்ணில் காற்றுக் குமிழ்களும் காய்ந்த கட்டிகளும் இருக்கும். பிறகு கல் உடையும்போது அந்த இடத்தில்தான் உடையும்.

அச்சு என்பது மேலும் கீழும் திறந்த ஒரு சட்டம். மரத்திலோ இரும்பிலோ இருக்கும். மண் ஒட்டாமலிருக்க அச்சின் உள்பக்கம் மணல் தூவுவார்கள். ஒரு உருண்டை மண்ணை எடுத்து, ஓங்கி அச்சுக்குள் அடிப்பார்கள். மெதுவாக வைத்தால் மூலைகள் நிரம்பாது. மேலே மிஞ்சிய மண்ணை வழித்துவிட்டு அச்சைத் தூக்கினால், தரையில் ஒரு பச்சைக்கல்! பச்சை நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைத் தண்ணீர், பச்சைக் காய்கறி என்கிறோமே, அதுபோல ‘வேகாத கல்’ என்று பொருள். காய்ந்தால் சுருங்கும் என்று தெரிந்துதான் அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்திருப்பார்கள்.

பச்சைக்கல்லைப் பல நாட்கள் காயவைக்க வேண்டும். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பி வைக்க வேண்டும். பிறகு காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கடும் வெயிலில் போட்டால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அப்போதும் வெடிப்புத்தான்.

இந்த வேலையைப் பல இடங்களில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் சொந்த ஊரைவிட்டு வந்து, களத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. நடு இரவிலேயே வேலை தொடங்கிவிடும், ஏனென்றால் வெயில் ஏறினால் மண்ணில் நிற்க முடியாது. ஒரு நாள் திடீரென்று கோடை மழை வந்தால் என்ன ஆகும்? பச்சைக்கல் இன்னும் மண்தான். மழையில் கரைந்து மறுபடியும் சேறாகிவிடும். கூலி கல் எண்ணிக்கைக்குத்தான். கரைந்த கல்லை எண்ண முடியாது.

முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அதை அடைக்க முடியாமல் ஆண்டுக்கணக்காக ஒரே களத்தில் மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. கடனுக்காக மனிதரைக் கட்டிவைத்து வேலை வாங்குவதை இந்தியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் வந்த பிறகும் சூளைகளிலிருந்து அப்படிப்பட்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பச்சைக்கல்லைத் திருப்பி வைப்பது பாரமான வேலை இல்லை. அதனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் அதைச் செய்வதைப் பல களங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்பா அம்மா வேறு ஊருக்கு வந்துவிட்டதால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோகும். இப்போது சில இடங்களில் சூளைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை.

சூளைக்குள் என்ன நடக்கிறது?

சரி, இப்போ சூளைக்குப் போவோம்.

காய்ந்த பச்சைக்கற்களைப் பெரிய மேடுபோல அடுக்குகிறார்கள். அடியில் சின்னச் சின்னச் சுரங்கம்போல வழி விட்டு, அதற்குள் விறகு வைக்கிறார்கள். வெப்பம் வெளியே போகாமலிருக்க மேட்டின் பக்கங்களில் சேறு பூசுகிறார்கள். பிறகு தீ மூட்டுகிறார்கள். நெருப்பு நாள்கணக்கில் எரியும். ஆறுவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும்.

உள்ளே நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்ல முடியும்.

முதலில், 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, மிச்சமிருந்த ஈரம் ஆவியாகிப் போகும். தொடக்கத்தில் சூளையிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதில் பெரும்பங்கு நீராவிதான். வெப்பம் இன்னும் ஏறும்போது, மண்ணில் இருந்த வேர்த்தூள், இலைத்தூள் எல்லாம் எரிந்துபோகும்.

சுமார் 450 முதல் 600 பாகைக்குள் பெரிய மாற்றம் நடக்கிறது. கயோலினைட்டுக்குள் ஒளிந்திருந்த தண்ணீரை நினைவிருக்கிறதா? அது இப்போது வெளியேறுகிறது. தண்ணீர் போனதும் அந்தத் தகடுகளின் பழைய அமைப்பே குலைந்துவிடுகிறது. இதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பழைய களிமண்ணாகத் திரும்பாது. காலையில் மழை பெய்தால் கரைந்துபோயிருக்கும் கல், இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் கரையாது.

இதே வழியில் இன்னொரு சின்ன ஆபத்தும் காத்திருக்கிறது. சரியாக 573 பாகையில் குவார்ட்ஸ் மணல் ஒரு குணம் காட்டும். சூடு ஏறும்போது அந்த இடத்தில் சட்டென்று கொஞ்சம் விரியும். ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். மெதுவாக ஆறினால் சிக்கல் இல்லை. “அவசரப்பட்டுச் சூளையைப் பிரிச்சா கல்லு வெடிச்சிடும்” என்று சூளைக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் குவார்ட்ஸும் இருக்கிறது.

தண்ணீர் போய்விட்டால் மட்டும் கல் பலமாகிவிடாது. அதற்கு 900 பாகைக்கு மேல் போக வேண்டும். இங்கேதான் எனக்குக் கடலை உருண்டை நினைவுக்கு வருகிறது.

கடலை உருண்டை எப்படிச் செய்கிறார்கள்? வறுத்த நிலக்கடலையில் சூடான வெல்லப்பாகை ஊற்றுகிறார்கள். பாகு கடலைகளுக்கு இடையே ஓடி, ஆறியதும் இறுகி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. செங்கல்லிலும் அதேதான். குவார்ட்ஸ் துகள்கள்தான் கடலை. குவார்ட்ஸ் தனியாக உருக 1,700 பாகைக்கு மேல் வேண்டும். எந்த நாட்டுச் சூளையும் அவ்வளவு சூடாகாது. ஆனால் மண்ணில் பொட்டாசியம், சோடியம், இரும்பு, சுண்ணாம்பு ஆகியவை கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. அவை பக்கத்தில் இருந்தால் சிலிக்கா அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஓரங்களில் உருகத் தொடங்கும். உருகியது ஒருவகைக் கண்ணாடி. அதுதான் பாகு. ஆறும்போது அது இறுகித் துகள்களை ஒட்டிவிடும்.

பாகு பத்தாவிட்டால் கடலை உருண்டை கையில் எடுத்ததும் உதிரும். அதுதான் வேகாத கல். பாகு மிஞ்சினால் உருண்டை உருவமிழந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்த கற்கள் அப்படித்தான் வளைந்து, கறுத்து, பளபளப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கடினம்தான், ஆனால் நேராக அடுக்க முடியாது. சூளையின் வெளி ஓரத்தில் இருந்தவை வெளிறிப்போய்ப் பாதி வெந்து வரும். நடுவில் இருந்தவைதான் நல்ல கல். ஒரே மண், ஒரே அச்சு, ஒரே சூளை. இருந்தும் மூன்று விதமான கல்! லாரியில் எல்லாம் கலந்து வந்தால் கொத்தனார் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தச் சத்தம் ஏன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். நன்றாக வெந்த கல்லில் துகள்கள் எல்லாம் ஒட்டி ஒரே உடம்பாக இருக்கின்றன. தட்டியதும் அதிர்வு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடுகிறது. ‘டிங்’. வேகாத கல்லில் துகள்கள் சும்மா அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. அதிர்வு அங்கங்கே செத்துவிடுகிறது. ‘டொக்’. உள்ளே வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான் கேட்கும்.

சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் பூ

செங்கல் என்றால் சிவந்த கல். சிவப்புக்குக் காரணம் இரும்பு. மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு ஆக்சைடாக மாறுகிறது. இரும்புத் துருவுக்கு நெருங்கிய சொந்தம் அது. காற்றுச் சரியாகப் போகாத இடத்தில் கல் கறுத்துவிடும். உடைத்துப் பார்த்தால் வெளியே சிவப்பும் நடுவில் கறுப்புமாக இருக்கும் கற்களைப் பார்க்கலாம். உள்ளே காற்றுப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

“சிவப்பா இருந்தா நல்ல கல்லு” என்று சிலர் சொல்வார்கள். அதை முழுவதும் நம்பாதீர்கள். லண்டனில் இருக்கும் பிள்ளைகள் பழைய வீடுகளின் சுவரைப் பாருங்கள். பல வீடுகள் மஞ்சள் செங்கல்லால் கட்டியவை. அங்கே களிமண்ணோடு சீமைச் சுண்ணாம்பைப் பொடியாகக் கலந்து சுட்டார்கள். சுண்ணாம்பு, இரும்பின் சிவப்பை அடக்கி மஞ்சளாக்கிவிட்டது. அந்தச் சுவர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகியும் நிற்கின்றன.

சுண்ணாம்பு பொடியாகக் கலந்திருந்தால் நல்லது. சின்னக் கட்டியாக ஒளிந்திருந்தால் ஆபத்து. சூளையில் அந்தக் கட்டி வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்த பிறகு காற்றிலும் மழையிலும் இருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும். ஒருநாள் கல்லின் முகத்திலிருந்து ஒரு சில்லு ‘படக்’கென்று தெறித்து விழும். பள்ளத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். களத்தில் சின்னக் கற்களைப் பொறுக்கி எறிந்தார்களே, அது இதற்குத்தான்.

உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததா? அப்படியானால் அம்மம்மா வீட்டுச் சுவரில் செங்கல்லே இல்லாமல் இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. நிலத்தில் கிடைப்பதைக் கொண்டுதானே வீடு கட்டுவார்கள்? பழைய வீடுகளில் அந்தக் கல்லைப் பார்க்கலாம்; பிறகு வந்தவற்றில் சீமெந்துக் கல்.

சில சுவர்களில் வெள்ளையாக மாவு பூத்தமாதிரி இருக்கும். “உப்புப் பூத்திருக்கு” என்பார்கள். மண்ணிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரத்தோடு கல்லுக்குள் நடந்து வந்து, ஈரம் காய்ந்ததும் வெளியே தங்கிவிடுகிறது. உள்ளேயே தங்கிப் படிகமாக வளர்ந்தால் கல்லை மெல்ல மெல்லப் பொடியாக்கிவிடும்.

ஒரு செங்கல் எவ்வளவு தாங்கும்?

கொத்தனாருக்குச் சத்தம் போதும். அரசாங்கத்துக்கு எண் வேண்டும். இந்தியத் தர விதிப்படி, கல்லை இயந்திரத்தில் வைத்து, நொறுங்கும்வரை மேலிருந்து அழுத்துகிறார்கள். மிகக் குறைந்த வகுப்புச் செங்கல்கூட ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். ஒரு நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிராம் எடை அழுத்தும் அளவு.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? கல்லின் நீளம் 190 மில்லிமீட்டர், அகலம் 90 மில்லிமீட்டர். பெருக்கினால் 17,100 சதுர மில்லிமீட்டர். அதை 3.5 ஆல் பெருக்கினால் 59,850 நியூட்டன். அதாவது சுமார் 6,000 கிலோ. நன்கு வளர்ந்த ஆண் ஆசிய யானை சுமார் 4,000 முதல் 5,000 கிலோ இருக்கும். யானையின் எடை முழுவதையும் சீராக இறக்கினாலும் அந்த ஒரு கல் தாங்க வேண்டும். அதுவும் கடைசி வகுப்புக் கல்!

ஆனால் அதே கல்லை இரண்டு கற்களின் மேல் பாலம்போல வைத்து, நடுவில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துவிடும். பிஸ்கட்டை நீங்கள் விரலுக்கு நடுவில் அழுத்தினால் உடையாது, வளைத்தால் உடைகிறது, பாருங்கள். செங்கல்லும் அப்படித்தான். அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. அதனால்தான் பழைய கட்டடங்களில் கதவு, சன்னலுக்கு மேலே செங்கல்லை வளைவாக அடுக்கினார்கள். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். எதுவும் வளைய வேண்டியதில்லை.

தண்ணீர்ச் சோதனையும் ஒன்று இருக்கிறது. உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, மறுபடியும் நிறுப்பார்கள். சாதாரண வகைக் கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் என்றால் 600 கிராம். பாகு ஓடாத கல்லில் துகள்களுக்கு நடுவே ஓட்டைகள் அதிகம். அது இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

நல்ல கல்லும் கொஞ்சம் குடிக்கும். அதனால் கொத்தனார்கள் சுவர் வைப்பதற்கு முன் கல்லைத் தண்ணீரில் நனைப்பார்கள். “காஞ்ச கல்லு கலவைல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும் தம்பி. அப்புறம் சிமெண்ட் எப்படிப் பிடிக்கும்?” சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது.

குளிர் நாட்டில் இந்தத் தண்ணீர் வேறு வேலையும் செய்யும். கனடாவிலோ நார்வேயிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலையுதிர் காலத்தில் மழை பெய்கிறது. சுவர் தண்ணீர் குடிக்கிறது. இரவில் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறக்குறைய 9 விழுக்காடு பெரிதாகும். கல்லின் ஓட்டைக்குள் இடம் பத்தாமல் அது சுவரை உள்ளிருந்து தள்ளும். பகலில் உருகும், இரவில் மறுபடியும் உறையும். சில குளிர்காலங்களில் கல்லின் முகமே தோல்போல உரிந்து விழுந்துவிடும். தாத்தா ஊரில் ஐம்பது ஆண்டு நிற்கும் கல், டொராண்டோவில் ஐந்து ஆண்டு நிற்காமல் போகலாம். அது கெட்ட கல் என்று சொல்ல முடியுமா? அந்த ஊருக்கான கல் இல்லை, அவ்வளவுதான்.

கீழடிச் சுவர்

மதுரைக்குப் பக்கத்தில், வைகை ஆற்றங்கரையை ஒட்டி, கீழடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தென்னந்தோப்புக்கு அடியில், மண்ணுக்குள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான செங்கல் சுவர்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் நம்முடையவைபோல இல்லை. அகலமாகவும் நீளமாகவும், ஆனால் மெல்லியதாகவும் இருக்கின்றன. பலகைபோல. மெல்லிய கல் என்றால் நடுப்பகுதிவரை சீராகக் காயும். சூடும் காற்றும் எளிதாக உள்ளே போகும். அன்றைக்கு அவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்று கேட்டால், பல சூளை கெட்டுப்போய்க் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கற்களை ஆய்வகத்தில் சோதித்தபோது சிலிக்காதான் அதிகம் இருந்தது. கூடவே சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியம், மெக்னீசியம். இந்தப் பெயர்கள் எல்லாம் உங்களுக்கு இப்போது பழக்கமானவைதானே? கடலையும் பாகும்தான்! 2023இல் கீழடியில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். மதுரைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். செங்கல்லுக்கு ஏற்ற மண், பல ஊர்களில் நெல் விளையும் மண்ணும்தான். கண்மாய் வறண்டிருக்கும்போது அதில் படிந்த வண்டலை எடுத்தால் கண்மாயும் ஆழமாகும், கல்லும் கிடைக்கும். வயலின் மேல்மண்ணை வெட்டி விற்றுவிட்டால் அந்த வயல் பழையபடி விளையப் பல காலம் ஆகும். டொராண்டோவில் இருப்பவர்கள் டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள பழைய செங்கல் ஆலைக்குப் போயிருக்கலாம். அங்கே 1889 முதல் 1984 வரை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள், மண்ணைத் தோண்டிச் செங்கல் செய்தார்கள். நகரத்தின் பல பழைய கட்டடங்கள் அந்தக் கல்தான். தோண்டிய பெரும் பள்ளம் இப்போது குளங்களும் செடிகொடிகளும் உள்ள பூங்கா. எல்லாப் பள்ளங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஊருக்குப் போகும்போது, கட்டடம் கட்டுகிற இடத்தில் பெரியவர்கள் துணையோடு, கேட்டுவிட்டு, இரண்டு செங்கல்லை எடுத்துப் பாருங்கள். விரல் நகத்தால் கீறுங்கள். வெந்த கல்லில் கோடு விழாது. வேகாத கல்லில் நகம் இறங்கும், விரலில் சிவப்புத்தூள் ஒட்டும். உடைந்த துண்டு ஒன்று கிடந்தால் அதன் உள்பக்கத்தைப் பாருங்கள்: ஒரே நிறமா, நடுவில் கறுப்பா, வெள்ளைப் பொட்டு ஏதாவது தெரிகிறதா? கல்லின் முகத்தில் குழியும் அதற்குள் இரண்டு மூன்று எழுத்துகளும் இருக்கலாம். அது சூளையின் அடையாளம். கொத்தனாரிடம், “மேஸ்திரி, இது எந்தச் சூளைக் கல்லுங்க?” என்று கேளுங்கள். கூடவே தட்டியும் காட்டச் சொல்லுங்கள். கால் விரலில் போட்டுக்கொள்ளாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு நீங்களும் தட்டலாம்.